பேச்சு மட்டும் கேட்கவில்லை

வாஷ்பேசின் தொழிற்சாலையில் அவருக்குத் தட்டிப் பார்க்கும் வேலை. சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு பேசினையும் சின்ன மரச்சுத்தியால் ஒரு தட்டு. ‘டிங்’ என்றால் நல்லது. ‘டொக்’ என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல். இருபத்திரண்டு வருடங்களாக அவர் காதை ஏமாற்றி ஒரு விரிசலும் வெளியே போனதில்லை. அங்கே அவருக்குப் பாம்புச்செவி என்றே பெயர்.

மகளுக்குப் பிரசவம் பார்க்க மனைவி வேறு ஊருக்குக் கிளம்பியபோது ஆறே மாதம் என்றுதான் பேச்சு. குழந்தைக்கு இப்போது மூன்று வயது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். குழந்தை பாட்டியின் முந்தானையை விடாது. போன வருடம் மருமகன் ஒரு டிஸ்க் பிளேயர் அனுப்பி வைத்தான், மாமாவுக்குப் பொழுது போகட்டும் என்று.

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு படம் போடுவார். அங்கேதான் சங்கடம். கதாநாயகனும் அவன் அம்மாவும் கிணற்றுக்குள் இருந்து பேசுவார்கள். சத்தத்தைக் கடைசிவரை ஏற்றி, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வீடே அதிர ஒரு சண்டை வரும். ரிமோட்டைத் தேடிப் பாய்வார். குறைத்தால், மறுபடி வாய் மட்டும் அசையும்.

போனில் மனைவியின் குரலும் அப்படியே தேய்ந்து வந்தது. காது போனால் வேலையும் போச்சு. தொழிற்சாலையில் ஒரே பேசினை மூன்று தட்டு தட்ட ஆரம்பித்தார். அங்கே கேன்டீன் மேசையில் யார் எது சொன்னாலும் தலையாட்டி வைத்தார். ஏடாகூடமாகப் பதில் சொல்லி மாட்டிக்கொள்வதற்கு அது மேல். கொஞ்ச நாளில் அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஒரு ஞாயிறு மனைவியிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

“எனக்குக் காது சரியா கேக்கல.”



“அடுத்த மாசம் நான் வந்துடறேன். தனியா கிடந்து அல்லாடாதீங்க.”

அன்றைக்கே அலமாரியில் அவள் துணிக்கான தட்டைக் காலி செய்தார். கட்டிலில் அவள் பக்கம் குவிந்திருந்த பழைய பேப்பரையெல்லாம் தூக்கிப் போட்டார்.

அடுத்த வாரம் தொழிற்சாலையில் வருடாந்திரக் காதுப் பரிசோதனை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். ஒன்றுவிடாமல் அழுத்தினார்.

“உங்க வயசுக்கு இது அதிசயம் சார்,” என்றாள் நர்ஸ். “எறும்பு நடந்தாகூட உங்களுக்குக் கேக்கும்.”

அப்படியென்றால் படம்?

அந்த ஞாயிறு மதியம் மாடி வீட்டு எலக்ட்ரீஷியன் கதவைத் தட்டினார்.

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுல சண்டை நடந்தா எங்க வீட்டுல பாத்திரம் ஆடுது.”

இவர் கதையைச் சொன்னார். எலக்ட்ரீஷியன் ரிமோட்டை வாங்கி மெனுவைத் துழாவினார்.

“ஆறு ஸ்பீக்கர்னு செட் பண்ணியிருக்கு. பேச்செல்லாம் நடு ஸ்பீக்கருக்குப் போகுது. அது எங்க இருக்கு உங்ககிட்ட? டிவில இருக்கறதே ரெண்டுதான்.”

மாற்றினார். கதாநாயகனின் அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் பேசினாள்.

சாயங்காலம் போன் வந்தது. சொல்லாமலே விட்டுவிடலாம். அவள் டிக்கெட்கூட எடுத்துவிட்டாள்.

“நீ ஏன் எப்பவும் இவ்ளோ மெதுவா பேசற?”

“குழந்தை மடியில தூங்குதுங்க.”

அதற்குமேல் மறைக்க அவருக்கு வரவில்லை. நர்ஸ் சொன்னதையும் ஸ்பீக்கர் கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

“அப்பாடா! எனக்கு உயிரே போயிடுச்சுங்க,” என்று சிரித்தாள். பிறகு தயங்கினாள். “அப்போ... இப்ப வர வேண்டாமாங்க? இப்பதான் குழந்தைய ஸ்கூல்ல விட்டிருக்கு. நான் இல்லன்னா அழுது தீத்துடும்.”

‘வா’ என்று சொல்ல வாயெடுத்தார். குழந்தை புரண்டு முனகுவது கேட்டது.

“பரவாயில்ல. லீவு விடட்டும்,” என்றார்.

லீவில் குழந்தையோடு வந்து பத்து நாள் இருந்தாள். கிளம்பும்போது, “அடுத்த தடவை நீங்க அங்க வாங்க,” என்றாள்.

“பாக்கலாம்.”

பஸ் தெருமுனை திரும்பும்வரை நின்றிருந்துவிட்டு, அவர் நடந்தே வீடு திரும்பினார்.