மஞ்சள் நூலில் ஒரு பித்தளைத் துண்டு

என் அண்ணன் அய்யாவு வாய் திறந்து பேசமாட்டான். 'ஊமை ஊரைக் கெடுக்கும்' என்று முகத்துக்கு நேரே கேலி செய்வேன். அதற்கும் சிரிப்பானே தவிர ஒரு வார்த்தை வராது. பிரிக்பீல்ட்ஸ் சர்க்கார் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு அவனுடையது. ரயில்வே பட்டறையில் பிட்டர் வேலை. கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. சாயங்காலம் வேலை விட்டு வந்தால் எவனாவது ஒருவன் மோட்டார் சைக்கிளோடு வாசலில் காத்திருப்பான். அவர்களில் பாதிப்பேர் பிரேசர் மலைக்குப் போகிறவர்கள்.

மலையில் காற்று மெலிசு. கீழே குடிக்கிற அளவு பெட்ரோலை அங்கேயும் குடித்தால் வண்டிக்குச் செரிக்காது. கரும்புகை கக்கிக்கொண்டு ஏற்றத்தில் நின்றுவிடும். அதனால் அண்ணன் கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் வருகிற ஜெட் என்ற சின்னப் பித்தளைத் துண்டைக் கழற்றிவிட்டு, இன்னும் சின்ன ஓட்டை உள்ளதை மாட்டுவான். மலைக்கு அது சரி. அதே சின்ன ஜெட்டோடு சமவெளியில் விரட்டி ஓட்டினால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் காய்ந்துபோகும். பிஸ்டன் சூட்டில் உப்பி உள்ளேயே இறுகிக்கொள்ளும். ஓடுகிற சக்கரம் சட்டென்று நின்றுவிடும்; மேலே இருக்கிறவன் நிற்கமாட்டான், பறப்பான்.

அதற்காக அண்ணனிடம் ஒரு பழக்கம் இருந்தது. கழற்றிய சாமான் கழற்றிய வண்டியோடுதான் இருக்கவேண்டும் என்பது பட்டறைச் சட்டம். பெரிய ஓட்டை ஜெட்டை ஒரு சணல் கயிற்றில் கோத்து வண்டியின் கைப்பிடியில் கட்டித்தான் அனுப்புவான். கீழே இறங்கியதும் அவிழ்த்து மாட்டிக்கொள்ள வேண்டியது. கண்ணுக்கு எதிரே தொங்குவதால் யாரும் மறக்கமாட்டார்கள்.

இதையெல்லாம் இன்றைக்கு நீட்டி முழக்குகிறேன். அன்றைக்கு எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

என் வீட்டுக்காரர் நாகையா சர்வே ஆபீசில் வேலை பார்த்தார். வரைபடமும் கடிதமும் கொண்டுபோய்க் கொடுக்க ஆபீசில் ஒரு மோட்டார் சைக்கிள் தந்திருந்தார்கள். 1929-ல், கார்த்திகைத் தீபத்துக்கு ஒரு வாரம் முன்னால், முதல் தடவையாக அவரைப் பிரேசர் மலைக்குப் போகச் சொன்னார்கள். மலையடிவாரத்தில் இருக்கிற கோலகுபு ஸ்டேஷன் வரைக்கும் வண்டியை ரயிலில் ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து மலை ஏறவேண்டும், வரும்போதும் அப்படியே. அந்த மலைப் பாதையைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மண் சரியும் என்றார்கள், வளைவில் புலி படுத்திருக்கும் என்றார்கள். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

புறப்படுகிற காலையில் அண்ணன் எங்கள் வாசலில் உட்கார்ந்து ஜெட்டை மாற்றினான். சணல் தீர்ந்துபோயிருந்தது. நூல் இருந்தால் கொடு என்று என்னிடம் கேட்டான். சாமி மாடத்தில் மஞ்சள் தடவி வைத்திருந்த நூலைத்தான் எடுத்துக் கொடுத்தேன். கட்டிவிட்டு, ரயிலில் வண்டிக்கு இடம் சொல்ல ஸ்டேஷனுக்கு ஓடிவிட்டான்.

நான் வெளியே வந்து பார்த்தால், கைப்பிடியில் மஞ்சள் நூல், அதில் பளபளவென்று ஒரு பித்தளைக் குழல். கோயில் வாசலைக்கூட மிதிக்காத அண்ணன், என் பயத்தைப் பார்த்துவிட்டு என் புருஷனுக்குத் தாயத்துக் கட்டியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உள்ளே போய்க் குங்குமம் கொண்டுவந்து அந்த முடிச்சில் வைத்தேன்.

"இத நீங்க அவுக்கக் கூடாது. நல்லபடியா வந்து சேருங்க, நான்தான் அவுப்பேன்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். 'அடி பைத்தியமே, இது தாயத்து இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து அப்போதுதான் என் முகம் தெளிந்திருந்தது, அதைக் கெடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

"ரயில்ல போயி ரயில்ல வரப்போறேன். எனக்கெதுக்கு? நீயே அவுத்துக்க, தங்கம்" என்றார்.

நான் அதோடு விட்டேனா? கார்த்திகைக்கு விளக்கு ஏற்றுவதற்கு முன்னால் வீட்டில் இருக்கவேண்டும் என்று இன்னொரு கட்டளையும் போட்டேன். வந்துடுவேன்லா என்று சொல்லிவிட்டுப் போனார்.

மலையில் கடைசித் தூரம் ஒற்றைப் பாதை. ஏறுகிற வண்டிக்கு ஒரு நேரம், இறங்குகிற வண்டிக்கு ஒரு நேரம் என்று கேட்டைத் திறந்து மூடுவார்கள். கார்த்திகை அன்று மழையில் ஏறிவந்த ஒரு லோரி சேற்றில் மாட்டிக்கொண்டது. கேட் திறக்க நேரமாகி, இவர் இறங்கி வருவதற்குள் ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலில் வந்தால் விளக்கு ஏற்றி முடிந்திருக்கும். நாற்பது மைல் ரோட்டிலேயே விரட்டி வந்தால் நேரத்துக்கு வந்துவிடலாம். பையில் ஸ்பானர் இருந்தது. கண்ணுக்கு எதிரே ஜெட் தொங்கியது. அதை அவர் தொடவில்லை. ரவாங் தாண்டிய நேர் ரோட்டில் எஞ்சின் இறுகிச் சக்கரம் நின்றது.

நான் அகல்களில் எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, இவர் வந்ததும் ஏற்றலாம் என்று வாசலிலேயே நின்றிருந்தேன். சேதியோடு ஸ்டேஷன் பியூன்தான் வந்தான். அண்ணன் முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். மறுநாள் நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கடைசிவரை பக்கத்தில் இருந்தது அண்ணன் ஒருவன்தான்.

வீட்டில் கூட்டம் கூடியிருந்தபோது அண்ணன் எல்லார் முன்னாலும் சொன்னான்: "சின்ன ஜெட்ட மாட்டினவன் நான். தப்பு என்னோடது."

அவ்வளவுதான் சொன்னான். ஏன், எப்படி என்று நான் கேட்டிருக்க வேண்டாமா? ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. "என் தாலிய அறுத்தவன் நீ. இனிமே என் வாசல்ல நிக்காதே" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு போனான்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். கிள்ளானில் இருந்த நாத்தனார் சீதாலெட்சுமி வீட்டுக்குப் போனேன். இரண்டு பேரும் இடியாப்பம் சுட்டுப் பாசாரில் விற்றோம். வருஷா வருஷம் கார்த்திகைக்கு முதல்நாள் அண்ணன் ரயிலேறி வந்து, ஒரு போத்தல் நல்லெண்ணெயை வாசல்படியில் வைத்துவிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நிற்பான். அவன் பார்க்கவே அதை நான் வாசல் ஓரத்துச் சாக்கடைக் காணில் ஊற்றுவேன். ஏழு வருஷம் ஊற்றினேன். என் கை அழுகிப்போயிருக்க வேண்டாமா?

நொறுங்கிய வண்டியிலிருந்து அந்த நூலைப் பித்தளைக் குழலோடு முடிச்சு அவிழ்க்காமல் உருவி எடுத்து வைத்திருந்தேன். இனி எனக்குத் தேவைப்படாத குங்குமச் சிமிழுக்குள் அது கிடந்தது. காப்பாற்றாத தாயத்து என்று அதன்மேலும் எனக்குக் கோபம்தான்.

போன மாசம் எங்களிடம் இடியாப்பம் வாங்க வருகிற யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டுகிற கனகசபை என்ற டிரெசர், மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். அவர் வண்டிக் கைப்பிடியில் அதே பித்தளைக் குழல், செம்புக் கம்பியில் முறுக்கிக் கட்டியிருந்தது. எந்தக் கோயில் தாயத்து என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "உது தாயத்து இல்லை அக்கா, ஜெட். பிரிக்பீல்ட்ஸ் அய்யாவு கட்டித் தந்தவர். மலையால இறங்கின உடன இதை மாட்டோணும், இல்லாட்டி எஞ்சின் இறுகிப்போம். கம்பி கையைக் கிழிக்குது, நூலில கட்டுங்கோ எண்டு கேட்டன். நூலில மட்டும் கட்டவே மாட்டன் எண்டிட்டார். ஏன் எண்டும் சொல்லேல்லை."

இடியாப்பத் தட்டு என் கையிலிருந்து விழுந்துவிட்டது. அவிழ்க்காதே என்றதும் நான். விளக்குக்கு முன்னால் வா என்றதும் நான். என் இரண்டு சொல்லையும் காப்பாற்றத்தான் அந்த மனுஷன் செத்தார்.

மறுநாள் காலை முதல் ரயிலில் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். அண்ணன் வாசலில் உட்கார்ந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து ஒதுங்கி நின்றான், தன் வாசலிலேயே நான் விரட்டிவிடுவேன் என்பதுபோல. நான் சிமிழைத் திறந்து நூலைக் காட்டினேன்.

"அவர் உன்கிட்ட சொன்னாரா, அண்ணே?"

துடைத்துக்கொண்டிருந்ததைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான்: "சொன்னாரு. 'தங்கத்துக்குத் தெரிய வேணாம் மச்சான், தெரிஞ்சா அவ தாங்கமாட்டா'ன்னாரு. அதான் கடைசியாப் பேசினது."

"அதுக்காக ஏழு வருஷம் என் வாயில விழுந்தியா?"

 நான் தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். மஞ்சளும் குங்குமமும் மழையில் ஊறிக் காய்ந்து கல்லாகியிருந்தது. நகம் பிய்ந்தது. அண்ணனிடம் ஊசி இருந்தது, ஆனால் அவன் கை நீட்டவில்லை. நான்தான் அவிழ்க்கவேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

கடைசியில் அவிழ்ந்தது. பித்தளைத் துண்டை அவன் கையில் வைத்தேன். பழக்க தோஷம், வாயில் வைத்து ஊதினான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டை வழியாகப் பார்த்தான்.

"அடைப்பே இல்ல" என்றான். அப்புறம் அவன் உதடு கோணிக்கொண்டது. "இத மாட்ட அஞ்சு நிமிஷ வேல, தங்கம்."

ஊமை என்று நான் கேலி செய்த அண்ணன் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதான். நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.