வைரவர் காட்டிய மஞ்சள் பூ

எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை முகப்பில் இருக்கும் ஞானவைரவருக்கு இயந்திரப் பொறியியலில் அவ்வளவு ஈடுபாடு என்று ஏழு வயதுவரை எனக்குத் தெரியாது. நாய்க்குப் பொறுப்பான சாமி, வடைமாலைக்குப் பிரியமான சாமி என்றுதான் நினைத்திருந்தேன். அக்காவின் விஷயத்தில் அவர் தலையிட்ட பிறகு கொஞ்சக் காலம் அந்தக் கோயிலைத் தாண்டும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.

அக்கா கம்பஸில் முதலாம் வருடம் முடித்து லீவில் வந்திருந்தாள். பொறியியல் பீடத்தில் முதல் வருடம் எல்லாருக்கும் ஒரே படிப்பு. அதற்குப் பிறகுதான் எந்தத் துறை என்று தெரிந்தெடுக்க வேண்டும். லீவு முடிவதற்குள் இணையத்தில் விருப்பத்தைப் பதிந்துவிட வேண்டும், பதிந்தால் பதிந்ததுதான். அக்கா எடுத்த புள்ளிக்கு எதைக் கேட்டாலும் கொடுப்பார்கள் என்பதுதான் எங்கள் வீட்டுப் பிரச்சினை. குறைவாக எடுத்திருந்தால் கிடைத்ததைப் படி என்று விட்டிருப்பார்கள்.

கனடாவிலிருந்து பெரியப்பா கொம்பியூட்டர் என்றார். தகப்பன் இல்லாத வீட்டில் அப்பாவை வளர்த்து ஆளாக்கியவர் அவர். அவர் ஒன்று சொன்னால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை. அம்மாவுக்கு சிவில் பிடித்திருந்தது. கொடிகாமம் போகிற வழியில், றோட்டுப் போட வந்த இஞ்சினியர் ஒருவர் குடையின் கீழ் நின்று கையைக் காட்ட, பஸ்ஸே நின்றதை அவள் கண்ணால் கண்டிருந்தாள்.

அக்கா மெக்கானிக்கல் என்றாள்.

"பொம்பிளைப் பிள்ளை கையெல்லாம் கிறீஸோடை நிக்கிறதோ? நல்லாயிருக்கு!" என்றார் பக்கத்து வளவில் இருக்கும் மாமி. அப்பா அதிகம் கதைக்கவில்லை. "பெரியப்பா சொன்னதைச் செய் பிள்ளை. அண்ணையை மீறி நான் ஒண்டும் செய்ததில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அக்கா கிணற்றடியில் போய் இருந்து அழுதாள். அவள் அழுது நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

அடுத்த நாள் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும்போது மிசின் நின்றுபோனது. அப்பா கயிற்றை இழுத்து இழுத்துக் களைத்தார். வழக்கமாகத் திருத்துகிறவர் ஒரு கலியாண வீட்டுக்கு வல்வெட்டித்துறைக்குப் போயிருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு சாக்கை விரித்து, மரையாணி கழற்றும் சாவிகளை எடுத்து வந்து மிசினைக் கழற்றத் தொடங்கினாள்.

கழற்றியதெல்லாம் சாக்கில் வரிசையாகக் கிடந்தபோது, இனி இது மிசினே இல்லை, எங்கள் வெங்காயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அக்கா பித்தளையில் ஒரு சின்னஞ்சிறு சாமானை எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, வாயால் ஊதினாள். பிறகு என்னைக் கூப்பிட்டு அதை என் கண்ணுக்கு நேரே பிடித்தாள். அதன் நடுவில் ஊசிமுனை நுழையாத ஒரு துவாரம். அதற்குள் வெளிச்சம் ஒரு பொட்டாக நின்றது.

"இதுக்குள்ளாலை எண்ணெய் போனால்தான் மிசின் ஓடும். ஒரு மண் அடைச்சால் எங்கடை தோட்டம் முழுக்கக் காய்ஞ்சு போயிடும், பாத்தியே குஞ்சு?"

பார்த்தேன். அவ்வளவு பெரிய கிணறு, அவ்வளவு பெரிய தோட்டம், அதில் நிற்கிற அத்தனை வெங்காயம், எல்லாம் அந்தத் துவாரத்தில் தொங்கிக்கொண்டிருந்ததை நினைக்க எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. அதைவிட, அது எங்கே இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரிந்திருந்ததுதான் பெரிய ஆச்சரியம். அவள் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிக் கயிற்றை இழுத்தாள். மிசின் இருமி, புகை கக்கி, பிடித்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் பாய்ந்தது. நான் கத்திக்கொண்டு வாய்க்காலோடு ஓடினேன். அப்பா மண்வெட்டியைப் பிடித்தபடி அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் வரம்பை உடைத்துக்கொண்டு போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அன்று பின்னேரம் பெரியப்பாவுடன் கதைக்கும்போது அப்பா சொன்னார்: "அண்ணை, பிள்ளையின்ரை சீவியம். நாங்கள் ஏன் பொறுப்பெடுப்பான்? வைரவரிட்டைப் பூக்கட்டிப் பாப்பம்."

எங்கள் பக்கத்தில் கலியாணப் பொருத்தம், வீட்டுக்கு நிலம், சத்திரசிகிச்சை என்று முடிவெடுக்க முடியாத எதற்கும் பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு நிறப் பூ. வாழையிலையில் ஒன்றுபோலப் பொட்டலம் கட்டிச் சாமிக்கு முன்னால் வைத்து, ஒரு சின்னப் பிள்ளையைக் கொண்டு எடுப்பிப்பார்கள். வருகிற பூதான் சாமியின் சொல். பெரியப்பா சந்தோஷமாகச் சம்மதித்தார். கொம்பியூட்டரை விட்டு வேறொன்றைச் சொல்லுமளவுக்கு வைரவர் விபரமில்லாதவர் அல்ல என்று அவர் நம்பினார்.

கொம்பியூட்டருக்கு வெள்ளை நந்தியாவட்டை, சிவிலுக்குச் சிவப்புச் செவ்வரத்தை, மெக்கானிக்கலுக்கு மஞ்சள் பொன்னலரி. மஞ்சளை விட்டுவிடலாமே என்று அம்மா மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "கேக்கிறதெண்டால் எல்லாத்தையும்தான் கேக்கவேணும்" என்றார் அப்பா. வெள்ளிக்கிழமை விடிய அவரே முழுகி, அவரே பூப்பிடுங்கி, சாமியறையைச் சாத்திக்கொண்டு அவரே கட்டினார். அப்பாவுக்கு இவ்வளவு பக்தி இருந்தது எங்களுக்கே புதிது.

கோயிலில் மாமி கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குள் பெரியப்பா, சேட்டைக் கழற்றிவிட்டு வெறும் மேலோடு கும்பிட்டபடி. எங்களுக்கு வெள்ளி விடிந்திருந்தது, அவருக்கு வியாழன் இன்னும் முடியவில்லை. ஐயர் பொட்டலங்களைத் தட்டத்தில் போட்டுக் கலக்கி, தீபம் காட்டி, என் முன்னால் நீட்டினார். சூலத்துக்குப் பின்னால் கற்பூரப் புகை எழும்பியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நடுவில் இருந்தது என்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. எடுத்தேன்.

ஐயர் நாரை அவிழ்த்தார். மஞ்சள்.

அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டாள். கைபேசியில் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்று மாமி அதைத் தட்டிப் பார்த்தார். பிறகு பெரியப்பாவின் குரல் வந்தது: "சரி தம்பி. வைரவரே சொல்லிப்போட்டார். இனி உதிலை ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது."

மற்ற இரண்டையும் பிரிக்க அம்மா கையை நீட்டினாள். அப்பா முந்திக்கொண்டு எடுத்து மடியில் கட்டினார். "சாமி சொன்னாப் பிறகு மற்றதைப் பாக்கிறது குற்றம்" என்றார். அப்படி ஒரு விதி தனக்குத் தெரியாதே என்பதுபோல ஐயர் பார்த்துவிட்டுத் தட்டத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அவற்றை வளவு மூலையில் இருந்த குப்பைக் கிடங்கில் போட்டார். எனக்கு ஆசை அடங்கவில்லை. அவர் உள்ளே போனதும் ஓடிப்போய்ப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றில் மஞ்சள். மற்றதிலும் மஞ்சள்.

வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலத்துக்குள் வைத்தே வைரவர் நிறம் மாற்றிவிட்டார்! முற்றத்துக்கு ஓடிவந்து பார்த்தால் அதைவிட அதிசயம். நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் ஒரு பூக்கூடக் குறையாமல் நின்றன, பொன்னலரி மட்டும் மொட்டையாக நின்றது. வைரவர் எங்கள் வளவுக்குள் வந்து மரத்திலேயே கைவைத்திருக்கிறார். அப்பாவைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன்.

அப்பா கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஓம் குஞ்சு, வைரவற்றை வேலைதான். ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதை, சொன்னால் பலன் போயிடும்."

சத்தியமாகச் சொல்லவில்லை. என் தெய்வபக்தியெல்லாம் அந்த மரத்தடியில் தொடங்கியதுதான்.

அக்கா இப்போது ஒரு பெரிய தொழிற்சாலையின் இயந்திரங்களைக் கவனிக்கிறாள், கிறீஸ் கையைத் துடைத்துக்கொண்டுதான் வீடியோவில் கதைப்பாள். நானும் பொறியியலில் முதல் வருடம் முடித்துப் போன கிழமை லீவில் வந்தேன். பெரியப்பா செயற்கை நுண்ணறிவு படிக்கச் சொல்லுகிறார். அம்மா அக்காவைப்போல மெக்கானிக்கல் செய் என்கிறாள். எனக்கோ சிவில் படித்து றோட்டும் பாலமும் கட்டத்தான் ஆசை. நேற்றுப் பின்னேரம் மூஞ்சியை நீட்டிக்கொண்டு முற்றத்தில் இருந்தேன். அப்பா தண்ணீர் வாளியோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"பூக்கட்டிப் பாப்பம். அக்காவின்ரை மோன் வரட்டும், அவன் எடுப்பான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உனக்கு எந்த நிறம் பிள்ளை?"

நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சிவப்பு" என்றேன்.

அப்பா தலையை ஆட்டிவிட்டு, செவ்வரத்தைக்கு மட்டும் ஒரு வாளி தண்ணீரை முழுக்க ஊற்றினார்.