அந்த விசில் எனக்கு வந்த கதை

போன வாரம் என் காரின் பிரேக் கிரீச்சிட ஆரம்பித்தது. பாக்கார் ஆராங்கில் எனக்கு வழக்கமான வொர்க்‌ஷாப் ஒன்று உண்டு. அன்றைக்கென்று பார்த்து அங்கே கல்யாண வீடு மாதிரி கூட்டம்.

அரசாங்க அதிகாரி ஒருவர் வந்திருந்தார். அவரும் வொர்க்‌ஷாப் முதலாளியும் ஒரே மேசையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தபடி, எந்த எச்சரிக்கைப் பலகையை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி முன்வாசலில் வந்தால் முதலாளி பின்வாசலில் போவதைத்தானே நாம் பார்த்திருக்கிறோம்? பிறகு, பாதுகாப்பாக வேலை செய்ததற்கென்று ஒரு மெக்கானிக்குக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். கைதட்டல். போட்டோ.

உங்களிடம் மறைப்பானேன்... எனக்கு வயிறு எரிந்தது.

முன்பின் தெரியாத மனிதர். அவர் சான்றிதழ் வாங்கினால் எனக்கென்ன? நானோ ஓய்வுபெற்று வீட்டில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன். ஆனாலும் எரிந்தது. காரணம் அவர் அல்ல, மணியம்.

ஐம்பது வருடத்துக்கு முன்னால், மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலத்தில் நான் பீடோங்கில் ஒரு லாரிப் பட்டறையில் வேலை பார்த்தேன். முதலாளியைச் சேர்த்து ஒன்பது பேர். நான் சண்டை வருவதற்கு முன்பே அங்கே சேர்ந்தவன், எனக்கு இரண்டு வருடம் கழித்து வந்து சேர்ந்தவன் மணியம். நான் அரைநாள் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கும் கோளாறை அவன் தள்ளி நின்று காதால் கேட்டே சொல்லிவிடுவான். எரிச்சல் வராதா?

அப்போது பெட்ரோல் கிடையாது. லாரியின் பின்னால் டிரம் மாதிரி ஓர் அடுப்பைப் பொருத்தி, கரியைக் கொட்டிப் பற்றவைப்போம். அதிலிருந்து வரும் வாயுதான் இஞ்சினை ஓட்டும். பொல்லாத வாயு. வாசனையும் தெரியாது, கண்ணும் எரியாது. அடைத்த இடத்தில் நிறைந்தால் ஆளைச் சாய்த்துவிடும். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது எங்களுக்குத் தலை சுற்றினால் பசி என்றுதான் நினைத்தோம். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்ற காலம். ஊரில் யாருக்குத்தான் தலை சுற்றவில்லை?

ஒருநாள் பட்டறையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் சுருண்டு விழுந்தார்கள். செய்தி போய், அலோர் ஸ்டாரிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். மலாய்க்காரர், எங்களுக்குத் 'துவான்', அதாவது ஐயா, ஆனால் ஜப்பான்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். கன்னத்தில் அறை விழும் என்று வரிசையாக நின்றோம். அவரோ ஒரு பழைய டயரை இழுத்துப்போட்டு முதலாளிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நான் பட்டறைய மூடினா லாரி ஓடாது, எனக்கு ஒதை. உங்க ஆளுங்க செத்தாலும் லாரி ஓடாது, அப்பவும் எனக்குத்தான் ஒதை. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வழி பார்ப்போம்லா" என்றார் மலாயில்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பி, தலைசுற்றல் எப்போது வருகிறது என்று கேட்டார். மணியம் மட்டும் வாயைத் திறந்தான்.

"துவான், வெளிய வந்து நின்னா சரியாப் போயிடுது. பசின்னா, வெளிய நின்னா தீருமா?"

இன்ஸ்பெக்டர் அவன் தோளைத் தட்டினார். எனக்கும் அது தெரியும்! சொல்லத்தான் தோன்றவில்லை.

இன்ஸ்பெக்டர், முதலாளி, மணியம் — மூவருமாக உட்கார்ந்து விதி எழுதினார்கள். அடுப்பு எரிகிற லாரி உள்ளே நின்றால் கதவு திறந்தே கிடக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். அவன் விசில் ஊதினால் முதலாளி உட்பட அத்தனை பேரும் வெளியே வந்துவிட வேண்டும். விசில் மணியத்தின் கழுத்தில் ஏறியது. கூடவே சிவப்புச் சாப்பு முத்திரை குத்திய ஒரு காகிதம். 'இந்த ஆள் பட்டறைக்குத் தேவை, வேறு வேலைக்குக் கொண்டுபோகக் கூடாது' என்று.

சயாமில் ரயில் பாதை போட எஸ்டேட் எஸ்டேட்டாக ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. ஆகவே அந்தக் காகிதம்தான் உயிர். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண்ணை உறுத்தியது காகிதம் அல்ல... விசில்.

தினமும் சாம்பல் போட்டுத் தேய்ப்பான். நான் முக்கியமான வேலையில் இருக்கும்போது பார்த்துத்தான் ஊதுவான் என்று எனக்குத் தோன்றும். மாதக்கணக்கில் ஒருவரும் மயங்கவில்லை. சுங்கை பட்டாணியிலிருந்து மற்றப் பட்டறைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். மணியம் கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். சீனியர் நான் ஒருத்தன் பக்கத்தில் நிற்கிறேனே, ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

ஆயுத பூஜை வந்தது. எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவதற்காக, அடுப்பைப் பற்றவைத்து லாரியைப் பட்டறைக்குள் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தியிருந்தோம். சூடம் ஒரே ஒரு கட்டி. ஜப்பான் சண்டைக்கு முன்னால் வாங்கியதை முதலாளியின் மனைவி டப்பாவில் ஒளித்து வைத்திருந்தார். வெளியே காற்றோ பிய்த்துக்கொண்டு அடித்தது.

"கதவச் சாத்துங்கப்பா. சூடம் அணைஞ்சா அபசகுனம்" என்றேன்.

"வேணாம்ண்ணே. அடுப்பு எரியுது" என்றான் மணியம்.

"சாமிக்கு முன்னாடி என்னாடா ரூல்? பெரிய துவானாயிட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கம்! அந்தச் சிரிப்பு எவ்வளவு இனித்தது தெரியுமா? மணியம் முகம் சுருங்கி வெளியே போய் நின்றான். நானே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். தேவாரம் பாடினேன். ஒன்றோடு விடவில்லை, அவன் நிற்கட்டும் என்று இன்னொன்று, மூன்றாவது. வெளியே விசில் ஊதினான். "ஊதட்டும், யாரும் தெறக்காதீங்க" என்றேன்.

முதலாளி சாய்ந்தார். விரதத்தில் இருக்கிறார், பசி என்று நினைத்தோம். அப்புறம் எனக்கே கால் துவண்டது. கடப்பாரையால் கதவைப் பெயர்த்து எங்களை ஒவ்வொருவராக வெளியே இழுத்துப் போட்டவன் மணியம்.

உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் வந்தார். "உங்கள நம்பித்தானே எழுதிக் கொடுத்தேன்? கதவ யார் சாத்தினது?"

நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கதவு என் பொறுப்பு, துவான்" என்றான் மணியம்.

நம்புவீர்களா? அந்தப் பதிலைக் கேட்டும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

விசிலும் காகிதமும் கை மாறின. யாருக்கு? சீனியருக்கு. அன்று முழுவதும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு மாதம் ஆகியிருக்காது. ஜப்பான் சிப்பாய்கள் லாரியோடு பட்டறைக்கு வந்து மூன்று ஆள் கேட்டார்கள். நான் காகிதத்தை நீட்டினேன், ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். மணியத்திடம் நீட்ட ஒன்றும் இல்லை. முதலில் அவனைத்தான் ஏற்றினார்கள்.

மேலே ஏறியவன் என்னைப் பார்த்தான். என்னைத் திட்டப் போகிறான் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுதான் நின்றேன்.

"அண்ணே, அடுப்போட லாரி உள்ள நிக்குது. கதவு சாத்திக்கிச்சு பாருங்க!"

திரும்பிப் பார்த்தேன். காற்றில் கதவு மூடிக்கிடந்தது. உள்ளே இரண்டு பேர் வேலையில் இருந்தார்கள். ஓடிப்போய் இழுத்துத் திறந்து, கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுத் திரும்பினேன். தெருவில் புழுதி மட்டும் இருந்தது. மணியம் திரும்பி வரவே இல்லை.

விசில் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அதற்குச் சொந்தக்காரன் நான் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும், எனக்கும் விசிலுக்கும். போன வாரம் அந்த மெக்கானிக்கின் கையைக் குலுக்கி, "நல்லா இருங்க தம்பி" என்றேன். அவர் தேத்தண்ணி கொடுத்தார். பிரேக் இப்போது சத்தம் போடுவதில்லை.

சாயங்காலமானால் கொசு வருகிறது, கதவைச் சாத்துங்கள் என்கிறாள் என் மனைவி. வரட்டும் என்கிறேன்.