மூங்கில் உண்டியல்

தம்போய் ரப்பர்த் தோட்டத்தில் பீடி பற்றவைக்கும் தீக்குச்சியைக்கூட இரண்டாகப் பிளப்பவன் சடையன். பாதி அவனுக்கு, பாதி கூடத் தங்கிய மாயழகுக்கு. கள்ளுக்கடைப் பக்கமே போகாமல் மிச்சம் பிடித்த காசை, ஊரிலிருந்து மனைவியைக் கப்பலில் வரவழைக்க மூங்கில் உண்டியலில் போட்டுவந்தான். தினமும் மூங்கிலைத் தட்டுவான். காசு நிறைந்த மட்டம்வரை கேட்கும் கனத்த சத்தம் மேலேறியிருந்தால் கப்பலே வந்துவிட்டதுபோல் சிரிப்பான்.

நிறைந்ததும் பிளந்தான். அடியில் ஒரு துளை. உள்ளே மேலாக நாலைந்து காசு, மிச்சமெல்லாம் ஒட்டுப்பால், மரத்தில் வழிந்து உறைந்த ரப்பர்க் கழிவு.

"கோவிச்சுக்காதண்ணே, கள்ளு ஆசை விடல," என்றான் மாயழகு. "சத்தம் மாறுனா உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான் ஒட்டுப்பால அடைச்சேன்."

"என் பொண்டாட்டி வர்ற கப்பலையே குடிச்சுட்டியேடா!"

அன்று சாயங்காலமும் சடையன் குச்சியைப் பிளந்தான். மாயழகு பழக்கத்தில் கையை நீட்டினான். சடையன் மறுபாதியைத் தீப்பெட்டிக்குள் திரும்ப வைத்தான்.