வெள்ளிக்கிழமை எண்ணெயும் நரம்பு டெஸ்டும்

துணி வெட்டும்போது கத்தரிக்கோல் மறுபடியும் கையிலிருந்து நழுவி விழுந்தது. ஸ்ரீரங்கத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள் நான். கத்தரிக்கோல் விழுந்தால் குனிந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கைலாசபுரத்தில் இருக்கும் என் அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் டம்ளர் நழுவியது, அப்புறம் சீப்பு. இன்று கைத்தசையெல்லாம் வற்றிப்போய், மாமா ஊட்டிவிட்டால்தான் அவளுக்குச் சாப்பாடு.

அக்கா விஷயத்தையும் கேட்டுக்கொண்டு, டாக்டர் நரம்பு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். லேசாகக் கரண்ட் கொடுத்து நரம்பின் வேகத்தைப் பார்ப்பார்கள். பிறகு தசையில் ஊசி குத்தி, தசை எழுப்பும் சத்தத்தை மெஷினில் கேட்பார்கள். அக்காவுக்குப் போன் செய்தேன்.

"கரண்ட் சுளீர்னு இருக்கும், அவ்ளோதான். ஊசிதான்டி விஷயம். கையைத் தளர விட்டதும் மெஷின் அமைதியா இருக்கணும். எனக்குத் தகரக் கொட்டகை மேல மழை பெய்யிற மாதிரி கேட்டுது."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அன்று முழுக்க அந்த மழை காதிலேயே நின்றது.

டெஸ்ட் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் எனக்கு எண்ணெய்க் குளியல், அதில் மாற்றமே கிடையாது. அன்றைக்குக் கைகால்களில் இன்னும் கொஞ்சம் தாராளமாகவே நல்லெண்ணெய் தேய்த்தேன். நரம்புக்குத்தானே டெஸ்ட், எண்ணெய் நல்லதுதானே! இப்படி ஒரு அறிவு எனக்கு.

ஆஸ்பத்திரியில் அந்த ஏசி அறை ஜில்லென்று இருந்தது. டெஸ்ட் எடுக்கிற பெண் வளையலைக் கழற்றச் சொல்லி, உள்ளங்கையில் ஸ்டிக்கர் மாதிரி ஒன்றை ஒட்டினாள். அது கழன்றது. அழுத்தி ஒட்டிவிட்டு, மணிக்கட்டில் கரண்ட் கொடுத்தாள். கட்டைவிரல் தானாகத் துள்ளியது. ஆனால் திரையில் எழும்ப வேண்டிய கோடு வெறும் கிறுக்கலாக ஓடியது. கரண்டைக் கூட்டினாள். அப்போதும் அதேதான். அவள் முகம் சுருங்கியது. எழுந்து டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டாள்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு ஊட்டிவிட யார் இருக்கிறார்கள்?

டாக்டர் வந்து என் கையைத் தொட்டார். விரலைத் தேய்த்துப் பார்த்தார்.

"எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சீங்களா?"

"வெள்ளிக்கிழமைங்களே, டாக்டர்."

"கையில எண்ணெய், கிரீம் எது இருந்தாலும் இது சரியா ஒட்டாதும்மா. கையும் சில்லுனு இருக்கு. குளிர்ந்த கையில நரம்பே மெதுவாத்தான் வேலை செய்யும். சோப்புப் போட்டு வெந்நீர்ல கழுவிட்டு வாங்க."

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேனா, இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்றும் கேட்டார். இரண்டும் இல்லை. இருக்கிறவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டுமாம். எண்ணெய் விஷயத்தையும் யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்!

கழுவிவிட்டு வந்தேன். இந்த முறை கோடு எழும்பியது. மணிக்கட்டில் மட்டும் நரம்பு தாமதிக்கிறது என்றார். அது எனக்குப் போதவில்லை. ஊசி பாக்கி இருந்தது.

முன்கையில் ஊசி இறங்கியதும் மெஷின் படபடவென்றது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"அது ஊசி நுழையிற சத்தம்மா. கையைத் தளர விடுங்க."

தளர விட்டேன். காது மட்டும்தான் உயிரோடு இருந்தது. ஏசி ஓடும் சத்தம் கேட்டது. வேறு எதுவும் இல்லை. தோள் வரைக்கும் ஒவ்வொரு இடமாகக் குத்தி, ஒவ்வொரு இடத்திலும் காத்திருந்தார். அமைதி.

"மணிக்கட்டுல நரம்பு அழுந்தியிருக்கு, அவ்வளவுதான். உங்க அக்காவுக்கு இருக்கிறது இது இல்லை. சரி பண்ணிடலாம்."

வெளியே வந்ததும் அக்காவுக்குத்தான் போன் செய்தேன். சந்தோஷமாக இருந்தது, அதை அவளிடம் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. மாமா போனை எடுத்து அவள் காதில் வைத்தார்.

"மழை பெஞ்சுதாடி?"

"இல்லக்கா."

பக்கத்திலிருந்த மாமாவிடம் அவள் சொல்வது கேட்டது.

"என்னங்க, கண்ணைக் கொஞ்சம் துடைச்சு விடுங்க."