எதுக்கு சாரின் படை

எங்கள் தொழிற்சாலையில் ஸ்டோர் ஜன்னல் என்று ஒன்று உண்டு. கம்பிகளுக்கு நடுவே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி. அதற்கு அந்தப் பக்கம் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவர் என் தங்கையின் புருஷன். நேரில் பார்த்தால் எல்லோருக்கும் அவர் ஸ்டோர் கீப்பர், எனக்கு மாப்பிள்ளை. அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் ‘எதுக்கு சார்’.

நான் அங்கே ஃபிட்டர். ஒரு ஜோடி கையுறை வேண்டும் என்று போய் நின்றால் அவர் வாயிலிருந்து முதலில் வரும் சொல் அதுதான். “எதுக்கு?” கையுறை எதற்கு இருக்கும், காதில் மாட்டிக்கொள்ளவா? பதில் சொன்னாலும் அசையமாட்டார். அடுத்த கேள்வி, “பழசு எங்க?” கிழிந்த கையுறையை மேஜையில் வைத்தால்தான் புதுசு வெளியே வரும். ஒருமுறை டிரில் பிட் உடைந்து, முனை இயந்திரத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அதையும் கேட்டார்.

“மெஷினையே தூக்கிட்டு வரட்டுமா மாப்ள?” என்றேன்.

“முடிஞ்சா கொண்டாங்க மச்சான்” என்றார். கிண்டல் இல்லை. அந்த மனிதருக்குக் கிண்டல் செய்யவே வராது.

இவரைத்தான் நான் போருக்கு அழைத்துப் போனேன். கம்ப்யூட்டர் போர்தான். ஆளுக்கு ஒரு கோட்டை, நாலு வேலையாட்கள். மரம் வெட்டி, தங்கம் தோண்டி, பயிர் வைத்து, வந்ததை வைத்துப் படை கட்டி எதிரியை அடிக்க வேண்டும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். நீங்கள் மூக்கைச் சொறியும் நேரத்தில் எதிரி பத்துக் குதிரை வாங்கிவிடுவான். மூன்று பேருக்கு மூன்று பேர் என்று அணியாக ஆடும்போது ஒருவர் சரக்கை இன்னொருவருக்கு அனுப்பலாம். நானும் என் தங்கை மகளும் ஒரு அணி. மூன்றாவது ஆள் தேவைப்பட்டது.

அவள் வேலைக்காக வேறு ஊர் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. போன விதம் சுகமில்லை. பரணில் இருந்த பெரிய பெட்டியை இறக்கிக் கொடுக்கச் சொல்லி அப்பாவிடம் கேட்டாள். “எதுக்கு?” என்றார். வேலை கிடைத்திருக்கிறது என்றாள். “இங்க இல்லாத வேலையா? எதுக்கு அங்க?” என்றார். அவள் பெட்டிக்குக் காத்திருக்கவில்லை. தோளில் மாட்டும் பையில் அடங்கியதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பெட்டி இன்றும் உறையோடு பரணில் இருக்கிறது. அதன்பிறகு அம்மாவோடு மட்டும்தான் போன் பேச்சு. “அப்பாகிட்ட குடுக்கவா?” என்று தங்கை கேட்டால், “எதுக்கு?” என்பாள். அந்த ஒரு சொல்லில் அவள் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாள்.

மாப்பிள்ளை இதைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. ஆனால் ஞாயிறு பத்து மணிக்கு நான் மகளோடு ஆடப்போகிறேன் என்று தெரிந்ததும், “மச்சான், அதை நானும் கத்துக்கலாமா?” என்று கேட்டார். மனிதருக்கு மகள் குரல் வேண்டும். அதற்குப் போர் செய்வதுதான் வழியென்றால் செய்யத் தயார். நான் கேட்டதற்கு அவளும், “சரி, வரட்டும்” என்றாள்.

அவர் வீட்டு ஹாலின் மூலையில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. கீபோர்டின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே விடவில்லை. “புதுசு கெடாம இருக்கும்ல” என்றார். பட்டன் பாதி நேரம் அமுங்காது. ஆட்டம் முடிந்ததும் மவுஸுக்குக் கைக்குட்டை போர்த்துவார். நான் என் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்துச் சாப்பாட்டு மேஜையில் உட்காருவேன். எங்கள் இருவர் தலையிலும் ஹெட்செட், அதில் மகள் குரல்.

அவள் வரிவரியாகத் தந்திரங்களைச் சொல்லிக் கொடுத்தாள். வேலையாள் உற்பத்தி ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. முதல் நிமிஷத்திலேயே ஒரு குதிரைக்காரனை அனுப்பி எதிரி என்ன கட்டுகிறான் என்று வேவு பார்க்க வேண்டும். சரக்கைத் தேங்கவிடக் கூடாது, வந்ததும் படையாக்க வேண்டும். கூட்டாளி கேட்டால் யோசிக்காமல் அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் ஸ்டோர் அட்டையில் அழகான கையெழுத்தில் எழுதி, கட்டம் போட்டுச் சுவரில் தொங்கவிட்டார். எழுதியதோடு சரி.

மரமும் தங்கமும் சேர்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. செலவழிப்பதில்தான் சிக்கல். சிப்பாய்களை உருவாக்குவார். வில்காரன் ஒரு வரிசை, ஈட்டிக்காரன் ஒரு வரிசை என்று ரேக்கில் அடுக்குகிற மாதிரி கோட்டைக்குள் நிறுத்துவார். “வெளிய விடுங்க மாப்ள” என்றால், “சேதாரமாகும் மச்சான்” என்பார். எதிரி வந்து மொத்தத்தையும் அடுக்கோடு கொளுத்திவிட்டுப் போவான். முடிவில் திரையில் யார் எவ்வளவு சேர்த்தார்கள் என்று ஒரு பட்டியல் வரும். “பாத்தீங்களா, சேத்ததுல நான்தான் ஃபர்ஸ்ட்” என்பார். தோற்றது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

அவள் உதவி கேட்டால் நடப்பதை நான் மறக்கவே மாட்டேன்.

“அப்பா, மரம் ஐநூறு அனுப்புங்க, சீக்கிரம்!”

“எதுக்கு?”

“வில்லு செய்யறதுக்குப்பா!”

“போன தடவ குடுத்ததுல செஞ்ச வில்லெல்லாம் எங்க?”

“எல்லாரும் செத்துட்டாங்கப்பா!”

“அம்பது பேருமா?”

இதற்குள் அவள் கோட்டை வாசல் போயிருக்கும். நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன். அவள் சிரிக்கமாட்டாள்.

இப்படி ஐந்து ஞாயிறு தோற்றோம். நானோ கெட்டிக்காரன். எனக்கென்று எப்போதும் நாற்பது குதிரைக்காரர்கள் காட்டுக்குப் பின்னால் பதுங்கி நிற்பார்கள். சரியான நேரம் பார்த்துப் பாய்வதுதான் என் பாணி. ஐந்து வாரமும் சரியான நேரம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆறாம் ஞாயிற்றுக்கு முந்தைய நாள் அவள் எனக்குப் போன் செய்தாள். “மாமா, என் ஆபீஸ்ல ஒரு ஃப்ரெண்டு நல்லா ஆடுவா. டீமை மாத்தப் போறேன். நாளைக்குத்தான் இந்த டீமோட கடைசி ஆட்டம்னு அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க.”

நான் சொன்ன விதம் சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் காலை உள்ளே நுழையும்போதே, “மாப்ள, உங்க மக உங்களை ஸ்கிராப்ல போட்டுட்டா. இன்னிக்கோட சரி” என்றேன். சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன்.

எதுக்கு என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. கைக்குட்டையை எடுத்து மவுஸைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

ஆட்டம் தொடங்கி இருபது நிமிஷத்தில் எதிரிகள் இரண்டு பேர் சேர்ந்து அவள் கோட்டையைச் சுற்றிவிட்டார்கள். மூலையில் இருந்த சின்ன வரைபடத்தில் அவளுடைய நீல நிறம் சுருங்கிக்கொண்டே வந்தது. எப்போதும் அலறுகிறவள் அன்று எதுவுமே கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள் போல. ஹெட்செட்டில் அவள் மவுஸ் சத்தம் மட்டும் கேட்டது. நான் சரியான நேரத்துக்காகக் காத்திருந்தேன்.

மாப்பிள்ளை ஒரு பட்டனை அமுக்கினார். உறைக்கடியில் அது அமுங்கவில்லை. இன்னொரு முறை அமுக்கினார். பிறகு அந்த உறையை ஓரத்தில் பிடித்து, சரக்கென்று கிழித்துத் தரையில் போட்டார்.

திரையில் அறிவிப்புகள் ஓடத் தொடங்கின. அவருடைய சிவப்பிலிருந்து அவளுடைய நீலத்துக்கு மரம். சிவப்பிலிருந்து நீலத்துக்குத் தங்கம். உணவு. கல். மறுபடியும் மரம். சரக்கு கேட்டு எழுதும் இண்டென்ட் சீட்டு இல்லை, கையெழுத்து இல்லை, பழசு எங்கே என்ற கேள்வி இல்லை. சரக்கெல்லாம் போனதும் கோட்டைக் கதவைத் திறந்தார். அடுக்கி வைத்த வில்காரர்களும் ஈட்டிக்காரர்களும் வரிசை குலையாமல் மகள் கோட்டையைப் பார்த்து நடந்தார்கள்.

“அப்பா? என்னப்பா இது?”

அவர் ஒவ்வொரு பட்டனாகக் குனிந்து பார்த்து அமுக்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது எதிரி இதைக் கவனித்துவிட்டான். அவன் படை அவருடைய காலிக் கோட்டைப் பக்கம் திரும்பியது.

“அப்பா, உங்க பக்கம் வர்றாங்க! நிறுத்துங்க! உங்களுக்குன்னு கொஞ்சமாவது வச்சுக்கோங்கப்பா!”

“எதுக்கு?” என்றார்.

ஹெட்செட்டில் மவுஸ் சத்தம் நின்றது. பிறகு அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.  நான் இருமுவதுபோல் சமாளித்துக்கொண்டேன்.

அவர் கோட்டை நாலே நிமிஷத்தில் விழுந்தது. அந்த நாலு நிமிஷம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அப்பா அனுப்பிய மரத்தில் வில்லும், தங்கத்தில் குதிரையும் செய்து, முதலில் தன்னைச் சுற்றியவர்களை முடித்தாள், பிறகு மூன்றாமவனைத் தேடிப்போய் முடித்தாள். இவர் ஆட்டத்தில் இல்லாத ஆளாகக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவள் நீல நிறம் பரவுவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். என்னுடைய நாற்பது பேர் எல்லாம் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தார்கள்.

“அடுத்த ஞாயிறு பத்து மணி. லேட் பண்ணாதீங்கப்பா” என்றாள்.

“சரிம்மா” என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. “அப்ப உன் ஃப்ரெண்டு வரலையா?” என்று கேட்டேன்.

“வர்றா மாமா. நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க.”

“எதுக்கு?” சொன்ன பிறகுதான், என் வாயிலிருந்து வந்த சொல் எது என்று எனக்கே உறைத்தது.

“என் கோட்டை எரியும்போது உங்க நாப்பது குதிரை எங்க மாமா நின்னுச்சு?” என்றாள். உடனே, “புதுசு வேணும்னா பழசைத் திருப்பிக் குடுக்கணும்ல?” என்றாள்.

மாப்பிள்ளை நாற்காலியைத் திருப்பினார். ஸ்டோர் ஜன்னலில் நீட்டுவதுபோலவே என் பக்கம் கையை நீட்டினார். “கழட்டுங்க மச்சான்” என்றார்.

நான் ஹெட்செட்டைக் கழற்றி அந்தக் கையில் வைத்தேன். வாங்கி, வயரைச் சுற்றி, ஓரமாக வைத்தார். கிண்டல் செய்யத் தெரியாத மனிதராயிற்றே என்று முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.