கிளிக்குப் பால் மறக்கடித்த பொனிரான்

“சூடு உதட்டுக்குத் தெரியணும், ஆனா சுடக் கூடாது,” என்றார் பொனிரான், டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக்கொண்டே. “சுட்டா கழுத்துப்பை வெந்துபோயிடும். ஆறிப்போச்சா, உள்ள போனது அங்கேயே கெடந்து புளிச்சிடும். அதனால மொதல்ல என் உதட்டுல ஒரு சொட்டு. அப்புறந்தான் அதுக்கு.”

மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஆள் ஹெல்மெட்டோடு நின்றான். அவன் எதையும் கேட்கவில்லை. குத்தியது ஆணியா கண்ணாடியா என்றுகூட இன்னும் கேட்கவில்லை.

“எதுக்கு, பாக்?” என்றான் கடைசியில், பெரியவருக்கான மரியாதையோடு.

பொனிரான் சட்டைப் பையை லேசாக விரித்துக் காட்டினார். உள்ளேயிருந்து ஓர் ஆரஞ்சு மூக்கு வெளியே வந்தது. அதன் பின்னால் பாதி முளைத்த பச்சை இறகும், தூங்கி எழுந்த கோபமும் வந்தன. லவ் பேர்ட்ஸ் குஞ்சு. அது அந்த ஆளைப் பார்த்தது, பிடிக்கவில்லை, பொனிரானைப் பார்த்து வாயைப் பிளந்தது. பொனிரானும் வாயைப் பிளந்தார். வேண்டுமென்று செய்வதில்லை. யார் வாயைத் திறந்தாலும் அவர் வாய் தானாகத் திறந்துகொள்ளும். பேத்திக்குக் கஞ்சி ஊட்ட ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி.

“பஞ்சர் எங்க இருக்குன்னு பாக்கலாமா?” என்றான் அந்த ஆள்.

“பாக்கலாம், பாக்கலாம். மொதல்ல அதுக்குப் பசி.”

பந்துல் சாலையில், நெல் அரைக்கும் மில்லைத் தாண்டினால் பொனிரானின் பஞ்சர் கடை. ஜாவாப் பஞ்சாங்கத்தின் ஐந்து சந்தை நாட்களில் பொன் என்கிற நாளில் பிறந்ததால் அந்தப் பெயர். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் அவரைத் தேடவில்லை, அவரும் அதைத் தேடவில்லை. டயர், டியூப், பசை, கரி. கரி மட்டும் வீட்டுக்குக் கூடவே வரும். விரல் ரேகைக்குள் புகுந்து குடியிருக்கும்.

அந்தக் கரியால் ஒரு குறை உண்டு. மகள் ரெத்னோவுக்கு எட்டு மாதமானபோது, பிள்ளை முதன்முதலாக மண் மிதிக்கும் சடங்கு நடந்தது. பிள்ளையைத் தூக்கிக் கரும்பு ஏணியில் ஏற்றிவிட அவர் கையை நீட்டினார். மாமியார் அந்தக் கையைப் பார்த்தார். “இந்தக் கையாலயா? புள்ள என்ன டயரா?” என்றார். மச்சான் வந்து ஏற்றிவிட்டான். பொனிரானுக்கு, ஏணி இறங்கிய பிள்ளையை உட்கார வைக்கும் கோழிக் கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை கொடுத்தார்கள். இன்றைக்கும் அந்தப் போட்டோவில் கூடைதான் தெளிவாக இருக்கிறது, அவர் பாதிதான்.

இப்போது ரெத்னோவின் மகள் கினாசிக்கு எட்டு மாதம். இந்தத் தடவை ஏணியில் ஏற்றிவிடுவது தாத்தா பொனிரான்தான். இது அவள் பிறந்த அன்றே ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசி முடித்த விஷயம். அன்றிலிருந்து அவர் தினமும் மண்ணெண்ணெய், எலுமிச்சம்பழம், செங்கல் தூள் என்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கை வெளுத்து வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கிளி வந்தது.

பக்கத்து வீட்டு கியோனோ கிளி வளர்ப்பவன். தாய்க்கிளி ஒரு குஞ்சை மட்டும் கூட்டை விட்டுத் தள்ளிவிட்டது. “காங், ரெண்டே நாள் பாத்துக்குங்க, செமாராங் போயிட்டு வந்துடறேன்,” என்று அண்ணன் முறை சொல்லி, ஒரு பழைய பனியனில் சுற்றிக் கொடுத்தான். ரெண்டு நாள் கழித்து வந்து கேட்டபோது பொனிரான் தரவில்லை. அதற்குள் ஊசி போடும் சிரிஞ்சின் முனையில் சைக்கிள் வால்வு டியூபைச் செருகி, வெட்டி, நுனியை மழித்து, குஞ்சுத் தொண்டைக்கு அளவெடுத்த மாதிரி ஒரு சாமான் செய்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் தொழில் ஒரு உயிருக்குச் சோறு போடுவதாக அவருக்குப் பட்டது. அதனால் கிளிக்குப் பெந்தில் என்று பெயர் வைத்தார். வால்வு டியூபுக்கு அங்கே அதுதான் பெயர்.

பெந்தில் வளர்ந்தது. இறகு முளைத்தது. பறக்கக்கூடக் கற்றுக்கொண்டது, பீரோவிலிருந்து பொனிரான் தலை வரைக்கும். ஆனால் தானாகத் தின்ன மட்டும் கற்கவில்லை. தினை வைத்தால் மேலே ஏறி நின்றது. சோளக்கதிர் வைத்தால் முதுகைச் சொறிந்துகொண்டது. பசித்தால் தலையை ஆட்டி, சிறகை நடுக்கி, தெருவே கேட்கக் கத்தியது.

ஒரு மத்தியானம் அடுக்களையில் இரண்டு கிண்ணம் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. ஒன்று கினாசிக்கு, ஒன்று பெந்திலுக்கு. பொனிரான் இரண்டையும் உதட்டில் வைத்துப் பார்த்தார். சிரிஞ்சில் ஏற்றினார். இரண்டு பக்கமும் இரண்டு வாய் திறந்திருந்தது. நடுவில் தன் வாயையும் திறந்துகொண்டு, பெரிய வாயின் பக்கம் சிரிஞ்சை நீட்டினார்.

“அப்பா!”

ரெத்னோ குளித்துவிட்டு ஈரத் தலையோடு வாசலில் நின்றாள்.

“சுத்தமான தினைக் கஞ்சிம்மா,” என்றார் பொனிரான். “உங்கம்மா கஞ்சியவிட ருசியா இருக்கு.”

“அது என்ன நான் போட்ட கஞ்சிக்குக் கொற?” என்று உள்ளேயிருந்து அவர் மனைவி லாசியெம் குரல் கொடுத்தாள்.

ரெத்னோ மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “அப்பா, ஒரே பேச்சு. சடங்குக்குள்ள அந்தக் கிளி தானா தின்னணும். தின்னா, நீங்க கினாசிய ஏணில ஏத்துங்க. இல்லன்னா எங்க மாமனார் ஏத்துவாரு. அவரு கைல கிளியும் இல்ல, சிரிஞ்சும் இல்ல.”

“அந்த அப்பளக்காரரா?”

“அப்பளம் விக்கற கை சுத்தமான கை.”

பொனிரானுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மச்சானுக்குப் பிறகு சம்பந்தியா? மறுபடியும் கோழிக் கூடையா?

யோசித்தார். லாசியெம் ரெத்னோவுக்கு எப்படிப் பால் மறக்கடித்தாள்? கசக்கும் சீந்தில் கொடியை இடித்து மார்பில் தடவினாள். ஒரே வேளை. பிள்ளை முகத்தைச் சுளித்தது, திரும்பிப் படுத்தது, முடிந்தது. ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். பிள்ளைக்கு ஒன்று, கிளிக்கு ஒன்றா?

வேலியோரம் படர்ந்திருந்த சீந்திலை வெட்டி வந்து இடித்தார்.

“யாருக்குக் காய்ச்சல்?” என்றாள் லாசியெம்.

“கிளிக்குப் பால் மறக்கடிக்கறேன்.”

“அது எங்க பால் குடிச்சுது?”

“நீ சும்மா இரு. எனக்குத் தெரியும்.”

வால்வு டியூப் நுனியில் கெட்டியாகத் தடவினார். பெந்தில் வாயைத் திறந்தது. பொனிரானும் திறந்தார். நுனி உள்ளே போனது. கிளி ஒரு கணம் யோசித்தது. பிறகு தலையை இடம் வலமாக ஒரு உதறு உதறியது. கஞ்சியும் சீந்திலும் சேர்ந்து நேராகப் பொனிரான் தொண்டைக்குள் போய் விழுந்தன.

லாசியெம் வந்து பார்த்தபோது அவர் கிணற்றடியில் நாக்கை வெளியே நீட்டி வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். கிளி அவர் தோளில் நின்று, மூக்கை அவர் காதில் துடைத்துவிட்டு, இன்னும் கேட்டுக் கத்தியது.

“யாருக்கு மறந்துச்சு?” என்றாள் லாசியெம்.

அன்று முழுவதும் அவருக்குக் காப்பி கசந்தது, சோறு கசந்தது, பனை வெல்லம்கூடக் கசந்தது. கிளி கவலையில்லாமல் சாப்பிட்டது, சிரிஞ்சில்.

சடங்கு நாள் வந்தது. சம்பந்தி ஜோயோ கிளாத்தெனிலிருந்து மூட்டை அப்பளத்தோடு வந்து இறங்கினார். வயிற்றுக்கு மேல் பட்டுக் கச்சை, கையில் ஒரு கறைகூட இல்லாத மினுக்கு.

“கிளி தின்னுதாப்பா?” என்றாள் ரெத்னோ.

“தின்னுதும்மா. கொட்டக் கொட்டத் தின்னுது.”

பொய். கிளிக்குச் சரியாகச் சடங்கு நேரத்தில்தான் பசிக்கும். வீட்டுக்குள் விட்டு வந்தால் கத்தும். கத்தினால் குட்டு உடையும். ஆகவே பொனிரான் தன் ஜாவாத் தொப்பியின் பின்பக்கம் புடைத்திருக்கும் முடிச்சைப் பிரித்து, உள்ளிருந்த துணியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பெந்திலை வைத்துக்கொண்டார். சிரிஞ்சு இடுப்புக் கச்சையில் இருந்தது.

“என்ன சம்பந்தி, பின்மண்டை பெருசாத் தெரியுது?” என்றார் ஜோயோ. “பேத்தி வந்ததும் மூளை கூடிடுச்சா?”

“உங்களுக்கு முன்னாடி கூடியிருக்கு. எனக்குப் பின்னாடி.”

“அசையுதே?”

“யோசிக்கறேன்.”

சடங்கு நடத்த வந்த வார்சி அம்மா கூப்பிட்டார். ரெத்னோ மகளின் அக்குளைப் பிடித்து, ஏழு நிற ஒட்டரிசிக் களியின்மேல் ஒவ்வொன்றாக மிதிக்க வைத்தாள். கினாசியின் பாதம் முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் அப்பிக்கொண்டன. அடுத்தது ஏணி.

“தாத்தா வரட்டும்,” என்றார் வார்சி அம்மா.

பொனிரான் கையை நீட்டினார். வெளுத்த கை. லாசியெம் அந்தக் கையைப் பார்த்து முகத்தை வேறு பக்கம் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் பேத்தியைத் தூக்கி முதல் படியில் காலை வைக்கவைத்தார். கினாசி கால் வைத்தாள். அப்புறம் தாத்தாவின் தலையைப் பார்த்தாள். அங்கே தொப்பி தானாக ஆடிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தாள்.

பெந்தில் அவர் வழுக்கையில் நின்று, நடுங்கிக்கொண்டே, கூட்டம் மொத்தத்தையும் பார்த்துக் கத்தியது. அவரைக் குனிந்து பார்த்து வாயைப் பிளந்தது. பொனிரான் உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. ஊர் நடுவில், மேலே ஒரு வாயும் கீழே ஒரு வாயுமாக நின்றார்.

“கொட்டக் கொட்டத் தின்னுது?” என்றாள் ரெத்னோ.

ஜோயோ ஓர் அப்பளத்தை ஒடித்து நீட்டினார். கிளி அதைக் கடிக்கவில்லை. கியோனோ தினை காட்டினான். அதன்மேல் எச்சம் போட்டது. சிரித்த சிரிப்பில் ஒருத்தராலும் மூச்சுவிட முடியவில்லை. ரெத்னோவும் சிரித்தாள், ஆனால் கையை நீட்டினாள். பேச்சு பேச்சுதான். பொனிரான் பேத்தியைக் கொடுத்தார். ஜோயோ அவளைப் படி படியாக மேலே ஏற்றி இறக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

“பாக், அந்தக் கூடையக் கொஞ்சம் பிடிங்க,” என்றார் வார்சி அம்மா.

பொனிரான் கோழிக் கூடையைப் பிடித்தார்.

கினாசியைக் கூடைக்குள் உட்கார வைத்தார்கள். சுற்றிலும் பேனா, கண்ணாடி, நூல்கண்டு, பொம்மை ஸ்டெதஸ்கோப். எதை எடுக்கிறாளோ அதுதான் அவள் பிழைப்பு. பொனிரான் யாருக்கும் தெரியாமல் ஒரு வால்வு மூடியும் போட்டிருந்தார். கினாசி எதையும் எடுக்கவில்லை. தன் வலது காலை எடுத்தாள். பெருவிரலை வாயில் வைத்து, ஒட்டியிருந்த மஞ்சள் களியைச் சப்பிச் சப்பித் தின்ன ஆரம்பித்தாள்.

பெந்தில் கத்துவதை நிறுத்தியது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. பொனிரான் அதற்கு எத்தனையோ முறை வாயைத் திறந்து காட்டியிருக்கிறார். ஆனால் அதன் எதிரில் உட்கார்ந்து ஒரு வாய்கூடத் தின்று காட்டியதில்லை. கிளி தலையிலிருந்து குதித்தது, கூடைக் கண் வழியாக நுழைந்தது, கினாசியின் இடது காலுக்குப் போய்ப் பச்சைக் களியைக் கொத்தியது. விழுங்கியது. மறுபடி கொத்தியது.

கினாசி கூச்சத்தில் கெக்கெக்கே என்று சிரித்தாள். வலது கால் அவளுக்கு, இடது கால் கிளிக்கு.

“தின்னுது!” என்று அலறினார் பொனிரான். “ரெத்னோ! தானாத் தின்னுது! பாரு, என் வாய் மூடியிருக்கு!”

“கிளிய வெளிய எடுங்கப்பா!”

“இரு, இன்னும் சிவப்பு பாக்கி!”

கிளியை எடுத்து, பிள்ளையின் காலைக் கழுவி, சிரிப்பு அடங்கியதும், ரெத்னோ அப்பாவைப் பார்த்தாள். அவர் இன்னும் கூடையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

“வார்சிம்மா,” என்றாள், “ஏணில ரெண்டாம் தடவை ஏறினா தப்பா?”

“கரும்பு இன்னும் நிக்குதே,” என்றார் வார்சி அம்மா.

“ஏத்துங்க சம்பந்தி,” என்றார் ஜோயோ. “நான் ஏத்தினது ஒத்திகைன்னு வச்சுக்கலாம். ஆனா கூடைய நான் பிடிக்க மாட்டேன்.”

பொனிரான் பேத்தியை ஏற்றினார். அவள் மூன்றாம் படியில் குனிந்து கரும்பைக் கடித்துக்கொண்டு மேலே வர மறுத்தாள். அவர் அவசரப்படுத்தவில்லை. போட்டோவில் இந்தத் தடவை முழுதாக இருக்கிறார், தொப்பி இல்லாமல், வழுக்கையில் ஒரு வெள்ளைச் சொட்டோடு.

மறுநாள் காலை கடை திறக்கும் முன் வழக்கம்போலக் கஞ்சி காய்ச்சினார். உதட்டில் வைத்துச் சூடு பார்த்தார். சிரிஞ்சில் ஏற்றினார். பெந்தில் தட்டில் நின்று தினையை உடைத்துத் தின்றுகொண்டிருந்தது. சிரிஞ்சைப் பார்த்தது, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது. தொட்டில் பக்கம் போனார். கினாசி தூக்கத்தில் இருந்தாள். கஞ்சி ஆறிக்கொண்டே வந்தது. அவர் வாய் இன்னும் திறந்தேதான் இருந்தது.

அடுக்களைக்குப் போனார். லாசியெம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“லாசியெம், சூடு சரியா இருக்கு,” என்றார். “நீ கொஞ்சம் வாயத் தொறயேன்.”